லத்தீன் படிக்கத் தனி ஆசிரியர் வைத்தால் எவ்வளவு செலவாகும்?

பொன்னித்துறை, திருச்சிராப்பள்ளி:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் வேற்றுமை எவ்வாறு விளக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சீகன்பால்க் எழுதி 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான இலக்கணமும், வீரமாமுனிவர் எழுதி 1738-இல் தரங்கம்பாடியில் அச்சான கொடுந்தமிழ் (பேச்சுத்தமிழ்) இலக்கணமும் லத்தீனில் அமைந்தவை. இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. ஆயினும், மூலத்தில் ஆசிரியர் எதை எப்படிச் சொன்னார் என்று வாதிட வேண்டிய இயலை மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்று என் நெறியாளர் உறுதியாகக் கூறிவிட்டார்.

எனவே லத்தீன் கற்பிக்கும் தனி ஆசிரியர்களை இணையத்தில் விசாரித்தேன். பிரெப்ளி, ஐடாக்கி போன்ற தளங்களில் மணிக்கு 12 டாலருக்குக் கற்பிப்பவரும் இருக்கிறார், 80 டாலர் கேட்பவரும் இருக்கிறார். இங்கிலாந்திலிருந்து கற்பிக்கும் ஓர் ஆசிரியை 45 பவுண்டு சொன்னார். நம் பணத்தில் அது ஏறக்குறைய 5000 ரூபாய். வாரம் இரண்டு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் என் மாதச் சம்பளத்தில் மிஞ்சுவது பேருந்துக் கட்டணம்தான். தனியார் கல்லூரி ஒன்றில் பணியாற்றும் எனக்கு ஆய்வு உதவித்தொகை எதுவும் கிடையாது.

நியாயமான கட்டணம் எது, எனக்குத் தேவையான அளவுக்குப் படிக்க எத்தனை மணி நேரம் ஆகும், 12 டாலர் கேட்பவருக்கும் 80 டாலர் கேட்பவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை லத்தீன் ஓரெழுத்தும் அறியாத நான் எப்படிக் கண்டுகொள்வது என்பவை என் ஐயங்கள். லத்தீன் பேசவோ எழுதவோ எனக்கு வேண்டியதில்லை. படித்துப் பொருள் கொண்டால் போதும்.

*

தேம்சுக்கரை, இங்கிலாந்து:

பொன்னித்துறை அவர்களுக்கு வணக்கம். பள்ளியில் லத்தீன் கற்பித்துவிட்டு, இப்போது தனி வகுப்புகள் மட்டும் எடுத்து வருகிறேன். ஆகவே விற்பவன் பக்கத்திலிருந்து விலையைப் பற்றிச் சொல்ல முடியும்.

அந்த ஆசிரியை கேட்ட 45 பவுண்டு இங்கே அதிகமான தொகை அன்று. ஆனால் அது உங்களைப் போன்றவரை மனத்தில் வைத்து உருவான தொகையும் அன்று. 2020-இல் பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கிலாந்தில் 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்கு லத்தீன் கற்பித்த அரசுப் பள்ளிகள் 2.7 விழுக்காடு, தனியார் பள்ளிகளிலோ அது 49 விழுக்காடு. இந்த இடைவெளியைக் குறைப்பதற்காக 2021-இல் அரசு அறிவித்த 40 லட்சம் பவுண்டுத் திட்டமும் 2025 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே இங்கே தனி ஆசிரியரைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பெற்றோர். பாடத்திட்டம், முந்தைய ஆண்டு வினாத்தாள், மதிப்பெண் வழங்கும் முறை ஆகியவற்றில் கைதேர்ந்தவர் என்பதற்காகவே அவர்கள் 40, 50, 60 பவுண்டு கொடுக்கிறார்கள். தேர்வே எழுதாத நீங்கள் அந்தத் திறமைக்குப் பணம் கொடுப்பானேன்?

உங்களுக்குப் பொருத்தமானவர் செவ்வியல் மொழிகளிலோ இடைக்கால வரலாற்றிலோ முதுகலை அல்லது முனைவர் பட்டப் படிப்பில் இருக்கும் மாணவர். அவர்கள் 20 முதல் 25 பவுண்டுக்குள் ஒப்புக்கொள்வார்கள். இத்தாலி, போலந்து, ஸ்பெயின் போன்ற நாடுகளில் இருப்பவர்கள் தளங்களில் 15 முதல் 25 டாலருக்கே கிடைக்கிறார்கள். இத்தாலியில் லத்தீன் கட்டாயப் பாடமாக உள்ள மேல்நிலைப் பள்ளிகள் இருப்பதால் அங்கே நன்கு படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 80 டாலர் கேட்பவர் பெரும்பாலும் லத்தீனிலேயே பேசிக் கற்பிக்கும் முறையில் பயின்றவராகவோ, சொந்தமாகப் பாடநூல் எழுதியவராகவோ இருப்பார். அவர் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை, உங்கள் தேவைதான் வேறு.

நேரத்தைப் பொறுத்தும் விலை இறங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவது மாலை 4 மணிக்கு மேல். காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை தனி ஆசிரியர்கள் சும்மா இருக்கிறார்கள். கோடைக்காலத்தில் அது உங்களுக்குப் பிற்பகல் 2.30 முதல் 5.30 வரை. அந்த நேரத்துக்கு வருவதாகச் சொல்லிக் கட்டணத்தைக் குறைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். அதேபோல ஜூன் கடைசியில் தேர்வுகள் முடிந்துவிட்டால் செப்டம்பர் வரை எங்களுக்கு வருமானம் குறைவு. பேரம் பேச அதைவிட நல்ல பருவம் கிடையாது. சக ஆசிரியர்கள் இதைப் படித்தால் என்னை வைவார்கள்.

இனி மணிக்கணக்கு. வேற்றுமை உருபு, இடத்தைக் காட்டும் வினைவிகுதி, எழுவாய் இல்லாமலே நிற்கும் வினைமுற்று ஆகியவற்றை ஆங்கிலேயப் பிள்ளைக்கு விளக்க எனக்கு வாரக்கணக்கில் ஆகும். தமிழருக்கு அவை பிறவியிலேயே தெரிந்தவை. 'அமோ, அமாஸ், அமாட்' என்ற வாய்பாட்டைப் பார்த்ததும் 'விரும்புகிறேன், விரும்புகிறாய், விரும்புகிறான்' என்று உங்கள் மனம் தானாகவே வரிசைப்படுத்திவிடும். லத்தீன் பெயர்ச்சொல் ஐந்து வகையாகத் திரியும் என்பதும், மேசைக்கும் நதிக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு என்பதும்தான் மனப்பாடம் செய்ய வேண்டியவை. மனப்பாடத்துக்கு ஆசிரியர் எதற்கு? டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய 'ஃபமிலியா ரோமானா' என்ற பாடநூல் முதல் வரியிலிருந்து கடைசி வரை லத்தீனிலேயே அமைந்தது. 'ரோமா இன் இத்தாலியா எஸ்ட்' என்று தொடங்கி 35 இயல்களில் படிப்படியாக ஏறிச் செல்லும். ஓரக்குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே தனியாகப் படிக்கலாம். முதல் 15 இயல்களை ஆசிரியர் இல்லாமல் முடித்துவிட்டு, அதன் பிறகு பணத்தை எடுங்கள்.

*

மறைநிலம், திண்டுக்கல்:

அம்மா, குருமடத்தில் பயின்று இடையிலே வெளியேறியவன் நான். முந்தைய பதிவில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் ஆசிரியரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அடித்தளத்தில்தான் ஆசிரியர் வேண்டும். நெடில் குறில் தெரியாமல் மனப்பாடம் செய்தவர், 'ரோசா' என்பது எழுவாயாக நிற்கும்போது இறுதி உயிர் குறில் என்பதையும், நீங்கல் கருவிப் பொருளில் வரும்போது அது நெடில் என்பதையும் காதால் அறிந்திருக்க மாட்டார். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் நீண்ட வாக்கியம் வரும்போது தடுமாறுவார்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழ்நாட்டிலேயே லத்தீன் அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் உங்கள் ஊருக்கு மிக அருகில். 1962-65-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தாய்மொழிக்கு மாறியதால் குருமடங்களில் லத்தீனின் இடம் சுருங்கிப்போனது உண்மை. ஆனாலும் குருத்துவ மாணவர் லத்தீன் நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 249-ஆம் விதியில் இன்றும் சொல்கிறது. முதிய குருக்கள் பலர் அந்தக் காலத்தில் தத்துவப் பாடத்தையே லத்தீனில் கேட்டவர்கள். பணி ஓய்வு பெற்று இல்லங்களில் இருக்கும் அவர்களைத் தக்கவர் வழியாக அணுகினால், வீரமாமுனிவர் பெயரைச் சொன்னதுமே ஆர்வத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள். விரும்பினால் இல்லத்துக்கு ஏதாவது காணிக்கை கொடுத்துவிட்டு வரலாம்.

இலவசமாகக் கற்பிப்பதற்கு இந்த மொழியில் ஒரு மரபே உண்டு. ரெஜினால்ட் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கக் கார்மலைட் துறவி, ஏறக்குறைய 40 ஆண்டுகள் வத்திக்கானின் லத்தீன் மடல்கள் எழுதும் அலுவலகத்தில் பணியாற்றியவர். ரோமில் ஒவ்வொரு கோடையிலும் அவர் நடத்திய லத்தீன் வகுப்புக்குக் கட்டணமே கிடையாது. கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோதும், பணம் கட்டாதவர்களை வகுப்பில் ஏராளமாக உட்கார வைத்தார் என்பதற்காகவே 2006-இல் அங்கிருந்து விலக்கப்பட்டார். 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லத்தீன் கற்பித்துப் பிழைப்பவர்களில் பலர் அந்த இலவச வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குருக்களின் உச்சரிப்பு திருச்சபை வழக்கு, அதாவது இத்தாலியச் சாயல் கொண்டது. பழைய ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் ஒருவரின் பெயரை அவர்கள் 'சிச்செரோ' என்பார்கள்; இங்கிலாந்து ஆசிரியர் 'கிக்கெரோ' என்பார். வீரமாமுனிவர் இத்தாலியரே ஆகையால் உங்கள் நூலுக்குத் திருச்சபை வழக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாதிருந்தால் போதும்.

*

குறிஞ்சிமலர், கோயம்புத்தூர்:

நான் தாவரவியல் துறையைச் சேர்ந்தவள். 2011 முடியும் வரை புதிய தாவர இனம் ஒன்றை முறைப்படி வெளியிட வேண்டுமானால் அதன் விளக்கத்தை லத்தீனில் தர வேண்டும் என்பது விதி. 2012 சனவரி 1 முதல் ஆங்கிலமும் போதும் என்றானது. அந்தப் பழைய விதிக்காக நாங்கள் படித்த லத்தீன் வினைமுற்றே இல்லாத லத்தீன்: இலை இப்படி, காம்பு இப்படி என்று பெயரும் அடையுமாகவே போகும். அதற்காக யாரும் தனி ஆசிரியர் வைத்துக்கொள்ளவில்லை. கலைச்சொல் அகராதியும் நூறு மாதிரி விளக்கங்களும் போதுமானவையாக இருந்தன.

சகோதரிக்கும் அதுபோலக் குறுகிய தேவைதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளச் சொல்வேன். ஆய்வுக்கு வேண்டியது வேற்றுமை பற்றிய இயல் மட்டும், அதாவது இரண்டு நூலிலும் சேர்த்து 20, 30 பக்கம் என்றால், மொழியையே கற்க ஓராண்டும் பெருந்தொகையும் செலவிடுவதற்குப் பதிலாக, அந்தப் பக்கங்களை லத்தீன் அறிந்த ஒருவரிடம் கொடுத்துச் சொல்லுக்குச் சொல் விளக்கம் எழுதி வாங்கி, நன்றியுரையில் அவர் பெயரைக் குறிப்பிடலாமே. வாய்மொழித் தேர்வில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

*

பொன்னித்துறை:

மூவருக்கும் மிக்க நன்றி. குறிஞ்சிமலர் சொன்ன வழியை நானும் யோசித்தேன். ஆனால் இதை ஓர் ஆய்வேட்டோடு முடித்துக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை. வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்திருக்கிறார். கார்ல் கிரவுல் என்ற ஜெர்மானியரின் லத்தீன் குறளும் இருக்கிறது. அடுத்து அவற்றுக்குப் போக வேண்டும். பிறர் எழுதித் தரும் விளக்கத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது.

எங்கள் கல்லூரியில் முதல் ஷிப்ட் பிற்பகல் 1.30-க்கு முடிந்துவிடும். எனவே தேம்சுக்கரை ஐயா சொன்ன பகல் நேர வகுப்பு எனக்கு மிகவும் வசதி. ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். அதற்குள் இது அடங்குமா என்பதையும், அறிமுக வகுப்பில் ஆசிரியரை எப்படிச் சோதிப்பது என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

*

தேம்சுக்கரை, இங்கிலாந்து:

அடங்கும். மறைநிலம் அவர்கள் உச்சரிப்பைப் பற்றிச் சொன்னது நியாயமானது என்பதால் என் திட்டத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். முதல் நான்கு மாதங்கள் நீங்களே படியுங்கள். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஆசிரியரிடம் சத்தமாக வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அது 8 மணி நேரம். அடுத்த ஆறு மாதங்கள் வாரம் ஒரு மணி நேரம் உங்கள் மூல நூலையே எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விடுமுறை போக 24 மணி நேரம் வரும். மொத்தம் 32 மணி நேரத்துக்கு 25 டாலர் வீதம் 800 டாலர், அதாவது ஏறக்குறைய 70,000 ரூபாய். தொடக்கத்திலிருந்தே வாரம் இரண்டு வகுப்பு, மணிக்கு 45 டாலர் என்று போயிருந்தால் ஆண்டுக்கு நான்கு லட்சத்தைத் தொட்டிருக்கும், கற்றதோ இதைவிட அதிகமாக இருந்திருக்காது. ஏனெனில் ஒரு மணி வகுப்புக்கு மூன்று நான்கு மணி நேரம் வீட்டில் உழைத்தால்தான் அது உள்ளே இறங்கும். பணியில் இருப்பவருக்கு வாரம் இரண்டு வகுப்புக்கான உழைப்பு நேரம் கிடைக்காது. வங்கி அட்டையில் டாலராகச் செலுத்தும்போது அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 2 முதல் 3.5 விழுக்காடு பிடிப்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிமுக வகுப்புக்குப் போகும்போது பாடநூலை எடுத்துச் செல்லாதீர்கள். சீகன்பால்க் நூலின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து முதல் நாளே அனுப்பிவிடுங்கள். நல்ல ஆசிரியர் அதை உங்களுக்கு மொழிபெயர்த்துத் தர மாட்டார். ஒரு வாக்கியத்தைத் திரையில் வைத்து, வினைமுற்று எங்கே என்று முதலில் உங்களைத் தேடச் சொல்வார். அது ஒருமையா பன்மையா என்று கேட்பார். அதற்கு ஏற்ற எழுவாயை அடுத்துத் தேடச் சொல்வார். இலக்கண நூல்களில் 'நோமினா க்வே இன் எம் தெசினுன்ட்' என்பது போன்ற தொடர் அடிக்கடி வரும். நாம் 'மகரத்தில் முடியும் பெயர்கள்' என்று பெயரெச்சத்தை முன்னே வைத்துச் சொல்வதை, லத்தீன் 'பெயர்கள்' என்று முதலில் வைத்து, 'க்வே' என்ற இணைப்புச் சொல்லைப் போட்டு, முடிவதைப் பின்னே சொல்லும். தமிழருக்கு வேற்றுமை எளிது, இடறுவது இந்த இடத்தில்தான். உங்கள் முகத்தைப் பார்த்து இந்த இடறலை அடையாளம் கண்டு, 'க்வே' எந்தப் பெயரைச் சுட்டுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுபவரை விட்டுவிடாதீர்கள், அவர் ஐந்து டாலர் கூடுதலாகக் கேட்டாலும் சரி. மணி முழுவதும் தானே பேசி, ரோமப் பேரரசின் வரலாற்றைச் சொல்லி முடிப்பவரை 12 டாலருக்கும் அமர்த்த வேண்டாம்.

மற்றொரு நல்ல செய்தி: இலக்கண நூலின் லத்தீன் எளியது. 'எனப்படும்', 'வைக்கப்படும்', 'முடியும்', 'குறிக்கும்' என்ற சில வினைகளே பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும். கிக்கெரோவின் மேடைப் பேச்சைப் படிக்கத் தேவைப்படும் ஆண்டுகள் இதற்குத் தேவைப்படா. ஆனால் அக்கால அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தோன்றும். கையெழுத்துப் படிகளிலோ 'எம்', 'என்' எழுத்துகளை விட்டுவிட்டு உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார்கள். இதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 1086 முதல் 1733 வரையுள்ள லத்தீன் ஆவணங்களைப் படிக்கத் தொடக்க நிலைப் பயிற்சியையும், அதைப்போலவே பழைய கையெழுத்துகளைப் படிக்கும் பயிற்சியையும் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது.

தளம் வழியாக அமர்த்தினால், நீங்கள் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு தளத்துக்குப் போகிறது என்பதையும் அறிந்திருங்கள். தொடக்க நாள்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பிடிக்கும் தளமும் உண்டு. அதற்காகத் தளத்தை விட்டு வெளியே வந்து நேரடியாகப் பணம் அனுப்பும்படி முதல் வாரமே கேட்கும் ஆசிரியரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; வகுப்பு நடக்காமற்போனால் பணத்தைத் திரும்பப் பெற வழி இராது. வகுப்பை எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் தள்ளிவைக்கலாம் என்பதையும் தொடங்கும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் 24 மணி நேரம் என்பார்கள்.

*

கடற்காகம், புதுச்சேரி:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. நான் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்கிறேன்; சேசு சபையினரின் ஆண்டு மடல்களில் லத்தீனில் உள்ளவற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது. பொன்னித்துறை அவர்கள் விரும்பினால் நானும் அதே வகுப்பில் சேர்ந்து கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும். இருவர் சேர்ந்தால் ஆசிரியர் இரட்டிப்பாகக் கேட்பாரா?

*

தேம்சுக்கரை, இங்கிலாந்து:

நான் ஒன்றரை மடங்கு வாங்குவேன்; பலரும் அப்படித்தான். 25 டாலர் வகுப்பு இருவருக்கு 37 டாலர் அளவில் முடியும், ஆளுக்கு 19 டாலருக்குள் வந்துவிடும். முதல் நான்கு மாதங்கள் சேர்ந்தே படிக்கலாம், தடையில்லை. மூல நூலுக்குப் போகும்போது மட்டும் அவருக்கு இலக்கணம், உங்களுக்கு மடல் என்று பிரிந்துவிடும். அப்போது வாரம் ஒருவர் நூல் என்று முறை வைத்துக்கொண்டால், மற்றவருக்கும் தனக்குப் பழக்கமில்லாத ஒரு நடையைப் படித்த பயிற்சி கிடைக்கும். ஆனால் இருவரும் ஒரே இயலில் நிற்கிறீர்களா என்பதை ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பின்தங்கிவிட்டால் தனித்தனி அரை மணி வகுப்பாக மாற்றிவிடச் சொல்லி ஆசிரியரிடம் முன்பே பேசி வையுங்கள்.